சப்பாணியும் அவுட் ஆக வேண்டும்

பெரம்பூரில் எங்கள் தெருவில் ஐஸ்பாய் ஆடினால் என்னை யாரும் பிடிக்க மாட்டார்கள். நான் ஒளியும் இடம் எல்லோருக்கும் தெரியும். அடிகுழாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். காலுக்குத் தாங்கலாக மாட்டிய காலிப்பரின் இரும்புக் கம்பி வெயிலில் மின்னும். தேடி வருகிறவன் என்னை நேராகப் பார்ப்பான், பார்க்காத மாதிரி தாண்டிப் போய் வேறொருவனைப் பிடிப்பான். "அவ ஒப்புக்குச் சப்பாணிடா, கணக்குல இல்ல." இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போன பெண்ணுக்கு அந்தச் சொல் இரண்டு விதத்திலும் பொருந்தியது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களே, அதுவே பெரிது. ஆனால் அவுட்டே ஆகாத ஆட்டத்தில் என்ன ருசி? ஒரு நாளாவது யாராவது என் பெயரைக் கத்தி என்னைப் பிடிக்க மாட்டார்களா என்று இருக்கும்.

நாற்பது வருடமாகத் துப்பறியும் கதை, பேய்க் கதை, விண்வெளிக் கதை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். அவற்றில் விதவிதமான மனிதர்கள் வரும்போது எனக்குத் தனி சந்தோஷம். ஆனால் சில கதைகளில் அதே மாதிரி ஆட்கள் வந்தும் சப்பென்று போய்விடுகிறது. ஏன் என்று யோசித்தால் கடைசியில் அந்த அடிகுழாயடிக்கே வந்து நிற்கிறேன்.

அப்பாவுக்கு ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வெல்டர் வேலை. சம்பளம் வந்த வாரம் பெரம்பூர் ஸ்டேஷனில் மாத நாவல் இரண்டு வாங்கி, டிபன் கேரியர் பையில் செருகிக்கொண்டு வருவார். சாணித்தாள், பளபளப்பான அட்டை, அட்டையில் கண்டிப்பாக ஒரு துப்பாக்கி. வீட்டில் அது கைமாறும் வரிசை முதலில் அப்பா, அப்புறம் பெரியம்மா, அப்புறம் அம்மா. பதினோரு வயதில் கட்டிலுக்கடியில் டார்ச் லைட்டோடு நான்காவது ஆளாக நான் சேர்ந்தேன்.

ஒரு வருடத்துக்குள் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் இருபது பக்கத்துக்குள் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் ஆள் ஒருத்தன் வந்தால், ஒன்று அவன்தான் கொலைகாரன். இல்லையென்றால் கொலைகாரன் என்று நம்மை ஏமாற்ற வந்தவன். மூன்றாவது வகை, நொண்டியாக நடித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் ஊன்றுகோலை வீசி எறிந்துவிட்டு ஓடுகிறவன். ஒரு நாள் அம்மா பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே ஆளைச் சொல்லிவிட்டேன். படித்து முடித்து வந்து, "பெரிய துப்பறியும் சாம்புதான். உனக்கு எப்படிடீ தெரிஞ்சுது?" என்றாள். "அவன் நடையை வெச்சு" என்றேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் கீழே என் காலைப் பார்த்தாள். சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இருந்தார். பெரம்பூரில் அப்போது ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ஆன்ட்டிக்குத் தமிழ் பேச நன்றாக வரும், எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வராது. மாத நாவல் கதைகளை அவருக்கு நான் வாயால் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு கதை கேட்ட பிறகு ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, இந்த ஸ்டெல்லாவுக்கு எந்தக் கதையிலயும் கல்யாணமே ஆகாதா?" உண்மைதான். ஸ்டெல்லா என்றால் டைப்பிஸ்ட் அல்லது கிளப்பில் ஆடுகிறவள். மூன்றாவது அத்தியாயத்தில் குளியலறையில் செத்துக் கிடப்பாள். கூர்க்கா அதற்கும் முன்னாலேயே போய்விடுவார். கதாநாயகி எலுமிச்சம்பழ நிறம், அடியாள் கரிய நிறம். எங்கள் வீட்டில் எல்லோருமே அடியாள் நிறம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் அந்த நாவல்களை நான் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுத்ததே அவைதான். அத்தியாயத்தை எங்கே வெட்டினால் வாசகனுக்குத் தூக்கம் போகும் என்பது அந்த எழுத்தாளர்களுக்கு அத்துப்படி. இன்றைக்கும் கிடைத்தால் வாங்குவேன். நூலகத்துக்கே போகாத என் பெரியம்மாவை ராத்திரி பன்னிரண்டு மணிவரை விளக்கை அணைக்கவிடாமல் செய்த எழுத்தைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் ஜீனோ. சுஜாதா ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வரும் ரோபாட் நாய். வாங்கி வைத்த பொம்மை மாதிரி கதைக்குள் வந்து, மெல்ல மெல்ல யோசிக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் மனிதர்களுக்கே யோசனை சொல்லும். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைகூட. இயந்திர நாய்க்குக்கூடக் கதையில் முடிவெடுக்க முடிகிறது, காலை இழுத்து நடப்பவர்களுக்கு முடியவில்லையே என்று.

அப்புறம் 1998. வேலை கிடைத்த மறுவருடம். ஞாயிற்றுக்கிழமை பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். (பாரதி சாலை என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் அது இன்னும் பைகிராப்ட்ஸ்தான்.) அட்டையில் விண்கலம் போட்ட ஒரு புத்தகம் முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. லூயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் என்ற அமெரிக்கப் பெண் எழுதிய 'தி வாரியர்ஸ் அப்ரண்டிஸ்'. 1986இல் வந்தது. எழுத்தாளரைப் பற்றி எதுவும் தெரியாமல்தான் வாங்கினேன். ரத்னா கஃபேயில் உட்கார்ந்து சாம்பார் இட்லிக்குச் சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன்.

பதினேழு வயதுப் பையன், மைல்ஸ். தாய் வயிற்றில் இருக்கும்போதே விஷவாயுவால் வந்த பாதிப்பு, எலும்பெல்லாம் கண்ணாடி. உயரம் ஐந்தடிகூட இல்லை. அவன் பிறந்த கிரகத்தில் உடலில் குறையோடு பிறப்பதே ஒரு களங்கம். அவனுக்கோ ராணுவ அகாடமியில் சேர வேண்டும். எழுத்துத் தேர்வு பிரச்சினையில்லை, உடல் தேர்வில்தான் சுவர் ஏறி இறங்க வேண்டும். ஏறிவிடுகிறான். மெதுவாக இறங்கினால் நேரம் போய்விடும் என்று குதிக்கிறான். இரண்டு காலும் முறிகிறது. தேர்வு போச்சு.

என் இட்லி ஆறிவிட்டது. அவுட்! முதல் அத்தியாயத்திலேயே அவுட்! தாண்டிப் போகாமல் ஒருவர் வந்து இந்தப் பையனைப் பிடித்துவிட்டார். எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, கொண்டாட்டம். பக்கத்து மேஜைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்கப்புறம் அவன் செய்வதெல்லாம் வாயால்தான். ஒரு பொய் சொல்கிறான், அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற ஒரு கூலிப்படை. கடைசியில் ஒரு முழுக் கப்பல்படைக்கே தலைவனாகிவிடுகிறான். கதையை நகர்த்த அவன் எலும்பை யாரும் மந்திரம் போட்டுச் சரியாக்கவில்லை. அந்த எலும்புதான் கதையையே வளைக்கிறது. குதிக்க முடியாதவன் என்பதால் எல்லாவற்றுக்கும் வேறு வழி யோசிக்கிறான். அதே நேரம் அவன் உத்தமனும் இல்லை. அவன் அவிழ்த்துவிட்ட பொய்களில் மற்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதற்கு அவன்தான் பொறுப்பு. காலைத் தாங்கி நடப்பவன் என்றால் கொலைகாரன், இல்லாவிட்டால் தியாகி என்று பார்த்துப் பழகிய எனக்கு, தப்புச் செய்ய உரிமை உள்ள ஒருவன் கிடைத்தது அன்றுதான்.

அன்றிலிருந்து எந்தக் கதையைப் படித்தாலும் ஒரு சோதனை வைத்துப் பார்க்கிறேன். இந்த ஆளைக் கதையிலிருந்து தூக்கிவிட்டால் முடிச்சு அவிழுமா, அப்படியே இருக்குமா? அப்படியே இருந்தால் அவர் ஒப்புக்குச் சப்பாணி. கணக்குக்காகச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது வருகிற சில வெப் சீரிஸ்களில் எல்லா மதத்திலும் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர் என்று நண்பர் கூட்டம் இருக்கும். அரசு விளம்பர போஸ்டர் மாதிரி. நாற்காலியில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே இருப்பார், புத்திசாலி, நல்லவர், ஒரு தப்பும் செய்ய மாட்டார். அவரைத் தொட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று எழுதியவருக்கே பயம். எங்கள் தெருப் பையன்களுக்கும் அதே பயம்தான் இருந்தது.

முடிச்சோடு சேர்த்து நெய்த ஆள் எப்படி இருப்பார் என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதைகளைச் சொல்வேன். ஒன்று வால்டர் மோஸ்லி 1990இல் எழுதிய 'டெவில் இன் எ புளூ டிரெஸ்'. கதை நடப்பது 1948, லாஸ் ஏஞ்சலஸ். ஈஸி ராலின்ஸ் போருக்குப் போய் வந்த கருப்பர். விமானத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும். (இந்த ஒரு வரிக்காகவே சென்னையில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்கும்.) ஒரு வெள்ளைக்காரன் வந்து காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடித் தரச் சொல்கிறான். ஏன் இவரிடம்? அந்தப் பெண் போகும் கருப்பர்களின் மதுக்கடைகளுக்குள் வெள்ளைக்காரன் போய் விசாரித்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆக, அவர் நிறத்தால்தான் வேலையே கிடைக்கிறது. அதே நிறத்தால் எந்த போலீஸ்காரனும் காரணமில்லாமல் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அடிக்கலாம். துப்பறிகிறவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஆபத்து. ஷெர்லாக் ஹோம்ஸ் ஸ்காட்லாந்து யார்டுக்குள் நுழைந்து இன்ஸ்பெக்டரைக் கிண்டலடித்துவிட்டு வரலாம். ஈஸியால் முடியாது.

இன்னொன்று ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்', 1979. காலப் பயணக் கதை. மற்ற காலப் பயணக் கதைகளில் ஆட்கள் சுற்றுலா போவது மாதிரி கடந்த காலத்துக்குப் போய் வேடிக்கை பார்ப்பார்கள். இதில் 1976இல் வாழும் கருப்பினப் பெண் டானா, அடிமை முறை இருந்த காலத்து மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். இறங்கின நிமிடத்திலிருந்து அவளை யார் வேண்டுமானாலும் அடிமையாகப் பிடிக்கலாம். அது போதாது என்று, அவள் காப்பாற்ற வேண்டிய பையன் ஒரு அடிமை முதலாளியின் மகன். அவன்தான் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் பிறக்கவே மாட்டாள். இந்தக் கதையில் டானாவை மாற்றி வேறு ஒரு ஆளைப் போடுங்கள் பார்ப்போம். கதையே இருக்காது.

சோதனை, சோதனை என்று சொல்கிறேன், நானே அதில் கோட்டை விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். உர்சுலா லே க்வின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'யை இருபத்தைந்து வயதில் படித்தேன். கெட் என்ற மந்திரவாதிப் பையனின் கதை. ரொம்பப் பிடித்திருந்தது. பதினைந்து வருடம் கழித்து அண்ணன் மகளுக்கு லீவில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் நடுவில் நிறுத்தினாள். "அத்தை, இவன் நம்ம கலர்னு போட்டிருக்கே." நான் இல்லை என்றேன். அவள் விரலை வைத்துக் காட்டினாள். கெட் செம்பழுப்பு நிறம். அவன் நண்பன் வெட்ச் அதைவிடக் கருப்பு. அந்தத் தீவுகளில் பெரும்பாலும் எல்லோருமே அப்படித்தான், வெளுத்தவர்கள் வேறு நாட்டுக்காரர்கள். அச்சில் தெளிவாக இருந்தது. முதல் தடவை படித்தபோது நான் அதன்மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறேன்! மந்திரவாதி, நாயகன், இங்கிலீஷ் புத்தகம், அப்போ வெள்ளைக்காரன்தான் என்று என் மூளை தானாக முடிவு செய்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, அந்தப் புத்தகத்துக்கு அட்டை வரைந்தவர்கள் பலரும் இதையே செய்தார்கள். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதும் வெள்ளை நடிகரையே போட்டார்கள். லே க்வின் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு பாத்திரம் வந்தால் மனதில் எழுகிற முகத்தை உடனே ஒரு வரியில் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுவேன். "டாக்டர், ஆண், சிவப்பு, கண்ணாடி" என்று. கதை முடிந்ததும் எழுத்தாளர் உண்மையில் என்ன சொல்லியிருக்கிறார் என்று ஒத்துப் பார்ப்பேன். முதல் வருடம் பத்துக்கு ஆறு தப்பு. டாக்டர் எல்லோரும் ஆண், வீட்டு வேலைக்காரர் எல்லோரும் கருப்பு. புத்தகம் செய்யாத தப்பையெல்லாம் நான் செய்துகொண்டிருந்தேன். நீங்களும் ஒரு மாதம் செய்து பாருங்கள், கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

ஏழெட்டு வருடமாக நாங்கள் ஆறேழு பேர் படித்த கதைகளைப் பேச மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். பெரும்பாலும் அண்ணா நகர் டவர் பார்க், மழை வந்தால் என் வீடு. ஆரம்பத்தில் நிறையச் சொதப்பினோம். ஒரு துப்பறியும் கதையில் மாற்றுத்திறனாளி பாத்திரம் வந்தது. பேச்சு ஆரம்பித்ததும் ஆறு தலையும் என் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்க மேடம், இது சரியா எழுதியிருக்காங்களா?" என்று பேங்க்கில் ரிட்டயர் ஆன சார் கேட்டார். எனக்கு என் கால் தெரியும், என் கால் மட்டும்தான் தெரியும். கதையில் வந்தவருக்கு விபத்தில் போன கால். அது வேறு வலி, வேறு கோபம். அன்று முதல் எங்களுக்கு ஒரு விதி: பாத்திரத்தோடு ஒத்துப்போகிற வாழ்க்கை உள்ளவர் கடைசியில் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். யாரும் யாருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டாம். இந்த ஒரு விதியால் எங்கள் பேச்சு எவ்வளவோ தேவலாம் ஆனது.

இன்னொரு சொதப்பல் முழுக்க என்னுடையது. கூட்டத்தில் இருபத்தாறு வயதுத் திருநங்கை ஒருத்தி இருக்கிறாள், கால் சென்டரில் வேலை. அவள் வந்த புதிதில், ரொம்ப யோசித்து, லே க்வினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' புத்தகத்தைக் கொடுத்தேன். 1969இல் வந்தது. அந்தக் கிரகத்து மக்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதோ ஒன்றாக மாறுவார்கள். இவளுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் எது என்று எனக்கு ஒரே பெருமை. மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பனியிலேயே நடந்துக்கிட்டு இருக்காங்க, நடந்துக்கிட்டே இருக்காங்க. எனக்குக் குளிர் காய்ச்சல் வந்துடும் போல இருக்கு. பேய்க் கதை ஏதாவது இருக்கா?"

எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறேன். என்னிடம் யாராவது போலியோ வந்தவர் கதையாகத் தேடித் தேடிக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவேன். இப்போது யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் முதலில் அவர் கடைசியாக எந்தக் கதைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார் என்று கேட்கிறேன். பேய் பிடிக்கும் என்றால் பேய், கொலை என்றால் கொலை. கொடுக்கும்போது "இதுல ஒரு வித்தியாசமான பாத்திரம் இருக்கு" என்று வாயைத் திறக்கவே மாட்டேன். "முதல் பக்கத்துலயே பிணம்" என்பதோடு சரி. அவள் இப்போது எங்கள் கூட்டத்தின் பேய்க் கதை நிபுணி. கிணற்றுப் பேய்க்கும் புளியமரத்துப் பேய்க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மணி நேரம் பேசுவாள்.

எங்கள் கூட்டத்தில் மறக்க முடியாத நாள் என்றால் புஜோல்டின் இன்னொரு குறுநாவலைப் பேசிய நாள்தான். 'தி மவுண்டன்ஸ் ஆஃப் மோர்னிங்', 1989. அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. நான் சொன்ன அதே மைல்ஸ்தான், இப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டான். மலை கிராமத்திலிருந்து ஒரு ஏழைப் பெண் நடந்தே வந்து அவன் அப்பாவிடம் முறையிடுகிறாள்: என் குழந்தையைக் கொன்றுவிட்டார்கள். குழந்தைக்கு உதடு பிளந்திருந்தது, அவ்வளவுதான் குறை. விசாரிக்க மைல்ஸை அனுப்புகிறார் அப்பா. சட்டப்படி அது கொலை, ஊர் வழக்கப்படி அது சாதாரணம். அந்த ஊருக்குள், பார்த்தவுடனே "இதையும் அப்பவே முடிச்சிருக்கணும்" என்று ஊரே நினைக்கக்கூடிய உடம்போடு விசாரணை அதிகாரி குதிரையில் போய் இறங்குகிறான். இதைவிட இறுக்கமான முடிச்சை நான் எந்தத் துப்பறியும் கதையிலும் பார்த்ததில்லை. யார் செய்தது என்று சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

எல்லோராலும் ஆங்கிலத்தில் படிக்க முடியாது. அதனால் இரண்டு ஞாயிறு நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கதை முடிந்ததும் யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சேலம் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா மெல்லப் பேசினார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கே தொடங்கியபோது அவர் வேலையில் இருந்தவர். "பிரசவம் ஆன வீட்டுக்கு அடுத்த வாரம் போவேன். குழந்தை இருக்காது. அழுகைச் சத்தமும் இருக்காது. மோர் குடிங்க சிஸ்டர்னு சொம்பை நீட்டுவாங்க. அந்தக் கதையில வர்ற ஊர்க்காரங்க மாதிரிதான். யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லவும் மாட்டாங்க." ஏழு வருடத்தில் அவர் தன் வேலையைப் பற்றி எங்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறமும் பேசவில்லை. அவரிடம் நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேறொரு கிரகத்து மலை என்பதால்தான் அவரால் அதில் ஏற முடிந்தது.

இப்படி வாசிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். எடுத்தவுடன் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று போகாதீர்கள். என்.கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' மூன்று பாகமும் 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஹியூகோ வாங்கின. அருமையான கதைதான், ஆனால் முதல் புத்தகத்தில் நானே இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். குறுநாவலில் தொடங்குங்கள். நெடி ஒகோராஃபோரின் 'பின்டி' ரொம்பச் சின்னப் புத்தகம். நமீபியாவின் ஹிம்பா இனத்துப் பெண் உடம்பில் செம்மண் பூசிக்கொண்டு விண்கலத்தில் படிக்கப் போகிறாள். மற்றவர்கள் அருவருப்பாகப் பார்க்கும் அந்தச் செம்மண்தான் கதையில் உயிரைக் காப்பாற்றுகிறது. கல்யாண வீட்டு மஞ்சள் வாசனையோடு ஆபீஸ் போனவர்களுக்கு உடனே புரியும். பழைய தமிழில் வேண்டுமென்றால் வை.மு. கோதைநாயகியைத் தேடுங்கள். திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு 115 நாவல் எழுதியவர். ஆரம்பத்தில் எழுதத் தெரியாமல் தோழியிடம் சொல்லி எழுதவைத்தவர். தோழி எழுதிக்கொடுத்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டே படிப்பேன்.

காசு போட்டு வாங்குமுன் நூலகம் போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் லிஃப்ட் உண்டு, சாய்தளம் உண்டு, என் மாதிரி ஆட்கள் மூச்சு வாங்காமல் அலமாரிவரை போகலாம். பார்வையற்றவர்களுக்கு பிரெய்ல் பகுதியும் இருக்கிறது. ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறீர்கள் என்றால் வேலை நாளில், மதியம் போய்விடுங்கள். ஞாயிறு சாயந்தரக் கூட்டத்தில் ஊன்றுகோலுக்கு இடமில்லை. பழைய புத்தகக் கடை என்றால் ஒரே விதிதான். பேரம் பேசும் முன்னால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மாத நாவல்களில் முதலில் உதிர்வது அதுதான்.

இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில். 2014இல் போலியோ ஒழிந்த நாடு என்று அறிவித்தார்கள். எங்கள் இனம் இனிப் பிறக்கப் போவதில்லை, நல்லது. அதனால் காலைத் தாங்கி நடக்கும் ஆட்களைக் கதையில் எழுதுகிறவர்கள் இனிமேல் கேட்டு, படித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். கேட்டால் நான் சொல்வேன். அவனைக் கொலைகாரனாக்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவனுக்கென்று ஒரு காரணம் இருந்தால் சரி.

போன வாரம் பைகிராப்ட்ஸ் ரோட்டுக் கடைக்காரர் எனக்கென்று எடுத்துவைத்திருந்த கட்டைக் கொடுத்தார். எல்லாம் எண்பதுகளின் மாத நாவல், கட்டாக இருநூறு ரூபாய். வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். பதினான்காம் பக்கத்தில், ஒரு எஸ்டேட் பங்களாவின் வாசலில், வெள்ளிப் பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு ஒருத்தர் வந்து நின்றார். பெயர் தாமோதரன். பழக்க தோஷம், பென்சிலை எடுத்து ஓரத்தில் "இவன்தான்" என்று எழுதினேன். ஆனால் நாற்பதாம் பக்கத்தில் தாமோதரன் சொன்ன ஒரு ஜோக்குக்கு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அறுபதில் அவர் இன்ஸ்பெக்டரிடமே எதிர்க் கேள்வி கேட்டார். எண்பதில் தடியை எங்கோ மறந்து வைத்துவிட்டுத் தேடினார், அந்தத் தேடலில்தான் முக்கியமான தடயம் கிடைத்தது. "இவன்தான்" என்பதை அழித்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டேன். மயிலாப்பூர் தாண்டியதும் வேகமாகப் புரட்டினேன்.

தொண்ணூற்றாறோடு புத்தகம் முடிந்திருந்தது. மிச்சப் பக்கங்கள் உதிர்ந்துபோயிருந்தன. வாங்கும்போது நான் பார்க்கவில்லை.